செட்டு என்றால் என்னவென்று ராசு கேட்கிறான்

மகனே,

உன் கல்யாணக் கார்டு கைக்கு வந்தது. தபால்காரர் மேலே ஏறி வரவில்லை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கீழ்க்கணக்குக் கடையில் போட்டுவிட்டுப் போனார். நான்கு நாள் அரிசி மூட்டை மேல் கிடந்து, ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. உன் பெயரைப் பார்த்தேன், நிரோஷாவின் பெயரைப் பார்த்தேன், பெண்ணைப் பெற்றவன் என்று உன் அம்மாவின் தம்பி ராசுவின் பெயரைப் பார்த்தேன். கீழே 'இன்னிசை' என்று போட்டு நீ கீபோர்டு வாசிக்கிற கொம்போ குழுவின் பெயர் இருந்தது. தப்பு மேளம் அடிக்கிற நம் தப்பு செட்டு இல்லை. நம் ஆட்களின் கல்யாணக் கார்டில் தப்பு செட்டு இல்லாமல் நான் பார்த்த முதல் கார்டு என் மகனுடையது. அன்றைக்கே உன்னைத் தொலைபேசியில் பிடித்துத் திட்டினேன். நீ பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"அப்பா, மாமா ஒத்துக்கலப்பா. தப்பு செட்டு வைக்கலாமான்னு நானே கேட்டேன். அவரு ஒண்ணுதான் சொன்னாரு. 'செட்டுன்னா என்ன அர்த்தம், அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒங்கப்பன எழுதித் தரச் சொல்லு. எழுதிக் குடுத்தா தப்பும் வரட்டும், ஒங்கப்பனும் மண்டபத்துக்குள்ள வரட்டும். இல்லாட்டி ரெண்டும் வேணாம்.' இதத்தாம்பா சொன்னாரு."

"அவன் யாருடா எனக்குப் பரீட்சை வைக்க?"

"பொண்ணோட அப்பா."

உன் அம்மா இதைப் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தாள். மறுநாளே தம்பி வீட்டில் பலகாரம் சுட வேண்டுமென்று பையைத் தூக்கிக்கொண்டு குருவிட்டவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். "நீங்க எழுதுனா எழுதுங்க. எழுதாட்டி வீட்டுல இருந்து கோழிக்குத் தீனி போடுங்க" என்று படியில் நின்று சொன்னாள். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

அர்த்தம் கேட்டால் என்னிடம் அர்த்தம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு ரப்பர் பால் வெட்டப் போனவன் நான். ஆனால் இரத்தினபுரி பஸ் நிலையத்து நடைபாதையில் வாங்கிய ஆங்கில அகராதி, அட்டை இல்லாமல், இன்னும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. உன் கொம்போவையும் அதில் பார்த்துவிட்டேன். 'கொம்பினேஷன்' என்ற நீளமான சொல்லை நறுக்கி எடுத்தது அது. சேர்க்கை என்று பொருள். யார் கையில் வேலை இல்லையோ அவரைக் கூட்டிச் சேர்ப்பது. நீயே சொல்லியிருக்கிறாய், சனிக்கிழமை கிட்டார் வாசிக்கிறவன் வராவிட்டால் வேறொருவன் வருவான், ஹோட்டலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று. பேண்ட் என்ற சொல்லையும் பார்த்தேன். அது முதலில் ஆயுதம் தூக்கிய கூட்டத்துக்குச் சொன்னதாம். வாத்தியக்காரர்களுக்கு வந்தது பிறகுதான். ட்ரையோ என்றால் மூன்று பேர், அவ்வளவுதான்.

செட்டு அப்படி இல்லை. நம் தோட்டத்து ஸ்டோர்க்காரர், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி முதல் கோப்பை சாசர் வரை செட்டு செட்டாக வந்து இறங்கியதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் தப்புக்காரர்களையும் செட்டு என்றார்கள் என்பார். இருக்கலாம். அந்தச் சொல் கப்பலில்தான் வந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோப்பை சாசரோடு எங்களைச் சேர்த்ததை நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரோடு இரண்டு முறை சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டேன். அகராதியில் அதன் வேரைத் தேடினேன். பழைய பிரெஞ்சுச் சொல்லொன்று, அதற்கும் அடியில் லத்தீன். அந்த லத்தீன் சொல்லுக்குப் பொருள், ஒருவர் பின்னால் போகிறவர்கள். இதைப் படித்த அன்று நான் அகராதியை மூடி வைத்துவிட்டேன். மூன்று மாதம் திறக்கவில்லை. ஏனென்றால் மாரிமுத்து அண்ணன் எழுத்தே தெரியாமல் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதேதான்.

மேக்கணக்கு செட்டில் நாங்கள் நான்கு பேர். முதல் தப்பு மாரிமுத்து அண்ணன். இரண்டாவது நான். மூன்றாவது உன் மாமன் ராசு. உருமி செபமாலை. அண்ணன் அடி மாற்றினால் நாங்கள் மாற்ற வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, ஒரு தட்டு பிந்தக் கூடாது. "முதத் தப்பு கெணத்துல விழுந்தா நீங்களும் விழுவணும்டா. அப்புறமா உள்ள கெடந்து என்னையத் திட்டுங்க. விழாம மேல நின்னு யோசிக்கிறவன் செட்டுல இல்ல" என்பார். ராசுவுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. "அண்ணே, கெணத்துல தண்ணி இருக்கான்னாச்சும் கேக்கலாமா?" என்று கேட்டு அடிகுச்சியால் முட்டியில் வாங்கினான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அண்ணன் செத்த நாளைத்தான் இப்போது எழுத வேண்டும். உனக்குப் பதினொரு வயது. அம்மா உன்னை லயத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள், அதனால் நீ பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக நீ கேட்டதெல்லாம் நான் சொன்ன கதை.

தோட்டத்து மயானத்துக்குப் போகும் பாதை ஆற்றோரச் சதுப்பை ஒட்டிப் போகும். அந்த வருஷம் அங்கே ஒரு முதலாளி மாணிக்கக் குழி இறக்கியிருந்தார். குழிக்காரர்களுக்குச் சாவுத் தீட்டு ஆகாது. கில்ல என்று சிங்களத்தில் சொல்வார்கள். பிணம் குழியைக் கடந்தால் கல் கிடைக்காது, மண் சரியும் என்று நம்புகிறவர்கள். எங்களுக்கு அது தெரியும். நம் ஆட்களே பலர் குழியில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதை அவர்கள் வருவதற்கு முன்னாலிருந்தே எங்கள் பாதை. என் அப்பனும் அதில்தான் போனார். பாடையைத் தூக்கி வளைவு திரும்பியதும் பாதையின் குறுக்கே கமுகு மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர் நின்றார்கள். மண்வெட்டி, கடப்பாரை மாதிரி அலவாங்கு, இரண்டு பேரிடம் அரிவாள் மாதிரி நீண்ட மன்னாக் கத்தி. முன்னால் நின்றது பியசேன. நம் லயத்துக்குப் பலாக்காய் கொண்டு வந்து தருகிற அதே பியசேன.

"அய்யே, மினிய மெதனின் கெனியன்ன பே" என்றான். அண்ணா, பிணத்தை இந்த வழியாகக் கொண்டுபோக முடியாது. கெட்ட குரலில் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவன்தான் எங்கள் தப்பைப் பார்த்துக் காறித் துப்பினான். எச்சில் பாடையின் மூங்கிலில் பட்டது.

நான் அன்றைக்குத்தான் முதல் தப்பு. அண்ணன் பாடையில் இருந்ததால் அவர் இடம் எனக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாவுக்கு அடிக்கிற அடியில் வந்துகொண்டிருந்தோம். ராசு என் வலது பக்கம். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், வேணாம். சுத்தியே போயிருவோம். பொணத்த வச்சுக்கிட்டு வேணாம் மச்சான்."

நான் அடியை மாற்றினேன். திருவிழாவில் கம்பு விளையாட்டுக்கு அடிப்போமே, அந்த அடி. அதைக் கேட்டால் நம் பொடியன்களுக்குக் கால் தரையில் நிற்காது, கை தன்னால் கம்பைத் தேடும். அது தெரிந்துதான் மாற்றினேன். ஒரு சாவு ஊர்வலத்தில், பிணத்துக்கு முன்னால், எந்தத் தப்புக்காரனும் செய்யாத காரியம். செபமாலை கண்ணை மூடிக்கொண்டு உருமியை மாற்றினான். ராசு 'வேணாம்' என்று சொன்ன வாயை மூடவில்லை, அதற்குள் அவன் கை என் அடிக்கு வந்துவிட்டது. ஒரு தட்டுகூடப் பிந்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பத்து நிமிஷம் இருக்கும். பாடையை இறக்கி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது, போட்டார்கள். குழி வெட்ட எடுத்து வந்த மண்வெட்டியை ஒருவன் சுழற்றினான். ஒரு குழிக்காரனின் காது கன்னத்தில் தொங்கியதைப் பார்த்தேன். நம் பையன் ஒருவனைச் சேற்றில் முகம் புதைய அழுத்தி முதுகில் மிதித்தார்கள். பியசேன இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்திக்கொண்டு என் பக்கம் வந்தான். நிறுத்தச் சொல்லித்தான் வந்தான் என்று இன்றைக்குத் தெரிகிறது. நான் தப்பைத் திருப்பி, இரும்பு வளையம் வெளியே வரப் பிடித்து அவன் வாயில் இறக்கினேன். தாடை உடைகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகனே. பொய் எழுத மாட்டேன். மறுபடியும் ஒரு தரம் இறக்கினேன். மூன்றாவது தரம் ஓங்கியபோது இடப்பக்கத்திலிருந்து மன்னாக் கத்தி என் தலைக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. ராசு பார்த்தான். அவன் தன் தப்பை என் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்தான். கத்தி தோலைக் கிழித்து, வளையத்தில் வழுக்கி, அதைப் பிடித்திருந்த வலது கையில் இறங்கியது. இரண்டு விரல் பாதையில் விழுந்தன. அவன் கத்தவில்லை. குனிந்து அவற்றைப் பொறுக்கப் பார்த்தான், பொறுக்க அந்தக் கையால் முடியவில்லை.

மாரிமுத்து அண்ணனை அன்று சாயங்காலம் போலீஸ் காவலோடு, சுற்றுப் பாதையில்தான் கொண்டுபோனார்கள். யாரும் தப்பு அடிக்கவில்லை.

அதுவரை நடந்ததற்கு நான் யாரிடமும் தலை குனிய மாட்டேன். அந்தப் பாதை எங்களுடையது, எச்சில் துப்பியவன் அவன். பியசேனவிடம் மட்டும் என் தலை நிமிராது. வாய் ஒரு பக்கம் கோணிப் போய், இன்றைக்கும் நிவித்திகல கடைத்தெருவில் என்னைக் கண்டால் "கொஹொமத அய்யே?" என்று அவன்தான் முதலில் சுகம் விசாரிக்கிறான். 'ஹொந்தாய்', நல்லாயிருக்கிறேன், என்று சொல்லிவிட்டுத் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுகிறேன்.

நான் எழுத வேண்டியது அதற்குப் பிறகு வந்த காலை. போலீசில் எல்லோரையும் உட்கார வைத்திருந்தார்கள். ராசு ஆஸ்பத்திரியில். சார்ஜண்ட் சிங்களத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார். எல்லோரும் அமைதியாக நின்றிருக்கிறார்கள், பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது, திடீரென்று மேளம் மாறியிருக்கிறது, அதில்தான் சண்டை தொடங்கியதாக இரண்டு பக்கமும் சொல்கிறது. மேளத்தை மாற்றியவன் யார்? செபமாலையிடம் முதலில் கேட்டார். "எனக்கு நேத்துலருந்து காதடைப்பு சார்" என்றான் செபமாலை. காதடைத்தவன் எப்படியடா மேளம் அடித்தாய் என்று ஒரு அறை வாங்கினான், அப்போதும் அதையே சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினார். எங்களில் நன்றாகச் சிங்களம் பேசுகிறவன் நான். பிழையில்லாமல், மரியாதையாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். ராசு என்று சொன்னேன்.

பயந்துவிட்டேன். பியசேன பிழைக்க மாட்டான் என்று அன்று காலை பேச்சு இருந்தது. கொலைக் கேஸ் என்றால் முதல் தப்புதான் போக வேண்டும். ராசுவுக்கு எப்படியும் கை போய்விட்டது, காயம் பட்டவனைப் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவனைக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் ரிமாண்டில் இருந்தான். கட்டு மாற்ற ஆளில்லாமல் கை சீழ் பிடித்தது. பியசேன பிழைத்ததால் கேஸ் தேய்ந்து போனது. ராசு வெளியே வந்து நேராக நம் லயத்துக்கு வந்தான். வாசலில் நின்று கேட்டான்.

"மச்சான், அடிய மாத்துனது யாரு?"

வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீதாண்டா" என்றேன். "பிந்தி அடிச்சு மாத்துனதே நீதான். ஒன்னால அண்ணனுக்குத் தப்பு இல்லாமப் போச்சு" என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் கோபம்தான் வேலி. அவன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். உன் அம்மாவைப் பார்த்தான். "அக்கா, நான் பிந்தவே இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அதோடு குருவிட்டவுக்குக் குடிபோனவன்தான்.

அன்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷம் என் தட்டில் சோறு போடவில்லை, சட்டியை என் முன் வைத்துவிட்டுப் போவாள். கேட்டவன் நீதான். ஆறு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து, "மாமா ஏம்பா வர்றதில்ல? நீங்கதான் போலீசுல மாட்டி விட்டீங்களாமே, கீழ்க்கணக்குல சொல்றாங்க" என்று கேட்டாய். நான் கை நீட்டியதை மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறேன். நீ சுவரில் போய் விழுந்தாய். இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. அம்மா துணியைக் கொண்டு வந்து அழுத்தியபடி, "ஒருத்தன் கை போச்சு, இன்னொருத்தன் காது போவுது, இன்னும் யாரு பாக்கி?" என்றாள். அன்று செட்டில் கிழியாமல் மிச்சமிருந்த தப்புகள் இரண்டையும் வெளியே எடுத்துக் கவ்வாத்துக் கத்தியால் கிழித்தேன். வீரமாகக் கிழித்தேன் என்று நினைத்தேன். போன மாதம் உன் கொம்போ வாசிக்கிற வீடியோவை அம்மா அவள் ஃபோனில் காட்டினாள். நீ கீபோர்டில் தலையை இடப்பக்கம் திருப்பி, வலது காதை மற்றவர்கள் பக்கம் கொடுத்து வாசிக்கிறாய். ஸ்டைல் என்று உன் கூட்டாளிகள் நினைக்கலாம். அந்தச் சாய்வு என் கை.

நீ கல்யாணம் செய்யப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். நான் சொன்னால் கேட்க உனக்குக் கடமையில்லை. நிரோஷா உன் பின்னால் வருகிற பெண்ணாக இருந்தால், அவளுக்கு உன் முதுகுதான் தெரியும், உன் முன்னால் இருப்பது தெரியாது. 'வேணாம்' என்று அவள் சொல்லும்போது உன் கை ஏற்கெனவே ஓங்கியிருந்தால் இறக்கு. இறக்கினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உனக்குக் கோபம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். சத்தம் போடாத ஆளுக்கு வருகிற கோபம் எப்படிப்பட்டது என்பதை ராசுவிடம் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து நீ எதை எடுத்திருந்தாலும் அந்தக் கையை எடுத்திருக்கக் கூடாது.

செபமாலை போன வருஷம் செத்தான். காதடைப்பு என்ற பேச்சைக் கடைசி வரை மாற்றவில்லை. இப்போது செட்டில் நின்று உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் செத்தால் ராசு ஒருவன். அவன் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் சிங்களம் அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆகவே அவன் கேட்ட அர்த்தத்தை எழுதுகிறேன். நிரோஷாவை உரக்கப் படிக்கச் சொல். நீ படிக்காதே, உனக்கு என் மேல் இரக்கம் வந்து குரல் மெலிந்துவிடும். செட்டு என்றால் ஒருவன் பின்னால் போகிறவர்கள். அந்த ஒருவன் அன்றைக்கு நான். அடியை மாற்றியவன் நான். ராசு 'வேணாம்' என்று சொன்னான், சொல்லிவிட்டும் என் பின்னால் வந்தான், ஒரு தட்டுகூடப் பிந்தவில்லை. அவன் விரல்கள் என் தலைக்குப் பதிலாகப் போனவை. போலீசில் சொன்னது பொய். வாசலில் நின்று சொன்னதும் பொய். மேக்கணக்கு செட்டில் விட்டுவிட்டு ஓடியவன் ஒருவன்தான், அவன் முதல் தப்பு.

மன்னிப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அவன் அதைக் கேட்கவில்லை, அர்த்தம்தான் கேட்டான். கேட்காததைக் கொண்டுபோய் அவன் மடியில் போட்டு, இதை வாங்கிக்கொள் என்று நிற்க எனக்குத் தெரியாது.

படித்து முடித்த பிறகு அவன் வரச் சொன்னால் வருவேன். வேண்டாம் என்றால் வீட்டில் இருப்பேன், நீ தாலி கட்டிவிட்டுக் கோபப்படாமல் இரு. வரச் சொல்லிவிட்டு, வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் அவன் என்னை அடிக்க நினைத்தால் அடிக்கட்டும். நீ குறுக்கே வராதே, உன் கொம்போ பையன்களையும் வர விடாதே. திருப்பி அடிக்க மாட்டேன் என்று எழுத முடியவில்லை, என் கையை எனக்குத் தெரியும். முயன்று பார்ப்பேன். அவன் கை என் மேல் பட்டுப் பத்தொன்பது வருஷமாகிறது.

அப்பா